பாதம் முதல் கேசம் வரை: பிரெஞ்சு அரச ஓவியங்களில் உடையை வாசிப்பது எப்படி?

பதினான்காம் லூயியின் அந்தப் படத்தைப் பள்ளி வரலாற்றுப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். தோளில் புரளும் சுருள் பொய்முடி, நீல மேலங்கி, இறுக்கமான வெள்ளைக் காலுறை. எனக்கும் அது முதலில் தபால்தலை அளவில்தான் அறிமுகமானது. அந்த அளவில் முகம் மட்டுமே கண்ணில் படும். பெரிய படம் கையில் கிடைத்த பிறகும் பலர் முகத்தையே பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். பிரெஞ்சு அரச ஓவியங்களைப் பொறுத்தவரை இதனால் இழப்பது அதிகம். நிற்பவர் யார் என்பதை முகம் சொல்லும். எந்த உரிமையில் நிற்கிறார் என்பதை உடைதான் சொல்லும். உரிமையைச் சொல்வதற்காகவே இந்த ஓவியங்கள் வரையப்பட்டன.

இந்த உடைமொழியை முதல்முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு என் அனுபவத்தில் பயன்பட்ட வழியைச் சொல்கிறேன். நம் மரபிலேயே அதற்கு ஒரு பெயர் இருக்கிறது: பாதாதிகேசம். மனிதரைப் பாடினால் கூந்தலில் தொடங்கி அடிவரை வர வேண்டும், தெய்வத்தைப் பாடினால் அடியில் தொடங்கி முடிவரை போக வேண்டும் என்பார்கள். இறைவன் அளித்த அரசுரிமை என்று தன் ஆட்சியைக் கருதிய மன்னரை அடியிலிருந்து பார்ப்பதே பொருத்தம்.

முதல் படி: ஒரே ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

நூறு படங்களைப் புரட்ட வேண்டாம். ஹியாசிந்த் ரிகோ 1701-இல் தீட்டிய பதினான்காம் லூயி ஓவியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒன்றேகால் நூற்றாண்டில் வந்த முடிசூட்டு உடை ஓவியங்களில் பெரும்பாலானவை இதைப் பின்பற்றியோ, இதற்கு மறுமொழியாகவோ எழுந்தவை.

மூல ஓவியம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருப்பு எண் 7492. அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் ஓவியரின் பெயரையோ இந்த எண்ணையோ கொண்டு தேடினால் இலவசமாகப் பார்க்கலாம். அதன் உயரம் 277 சென்டிமீட்டர், அகலம் 194 சென்டிமீட்டர். இந்த எண்களை வெறுமனே படித்துவிட்டுப் போகாமல், வீட்டுச் சுவரில் ஒன்பது அடி உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் இதன் முன்னால் நிற்பவர் மன்னரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவர் கண்ணுக்கு நேரே வருவது காலும் மேலங்கியும்தான். கீழிருந்து பார்ப்பது நானாக ஏற்படுத்திய முறை அன்று, ஓவியத்தின் அளவே அப்படிப் பார்க்க வைக்கிறது.

ஓவியம் பிறந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். 1700 நவம்பரில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸ் வாரிசில்லாமல் இறந்தார். அவருடைய உயில், லூயியின் பேரன் பிலிப்பை ஸ்பெயினின் அரசராக்கியது. மத்ரீதுக்குப் போகும் பேரனிடம் தாத்தாவின் உருவம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ரிகோவிடம் இந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. ஓவியம் முடிந்ததும் லூயிக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மூலத்தைத் தானே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியைச் செய்யச் சொன்னார். அந்தப் பிரதி இன்று வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது.

இரண்டாம் படி: காலணியும் காலும்

காலணியின் குதியைப் பாருங்கள், சிவப்பு நிறம். லூயியின் அவையில் சிவப்புக் குதி என்பது சொந்த விருப்பத்துக்கு அணியும் அலங்காரம் அன்று. அவைக்கு முறைப்படி அறிமுகம் செய்யப்பட்ட பிரபுக்களுக்கே அந்த உரிமை இருந்தது. காலைப் பார்த்தே ஒருவர் மன்னரின் அருகே வரத் தகுதி பெற்றவரா என்று சொல்லிவிடலாம். மேற்சட்டையிலும் இதே முறை இருந்தது. சிவப்பு உள்துணியும் பொன், வெள்ளி இழை வேலைப்பாடும் கொண்ட நீலச் சட்டை ஒன்றை 1660களில் லூயி ஏற்படுத்தினார். அதை அணிய வேண்டுமானால் மன்னர் வழங்கிய அனுமதிப் பத்திரம் கையில் இருக்க வேண்டும். இன்னொருவரிடம் அனுமதி கேட்டு அணிய வேண்டிய உடை எதுவோ அதுதான் அதிகாரத்தின் எல்லையைக் காட்டுகிறது. எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து கால்கள். மேலங்கியை ஒருபக்கம் ஒதுக்கித் தோளில் போட்டு, வெண்பட்டுக் காலுறை அணிந்த இரு கால்களையும் ரிகோ முழுமையாகக் காட்டுகிறார். நிற்கும் விதம் நாட்டியக்காரருடையது. 1653-இல், பதினான்கு வயதில், இரவைப் பற்றிய நீண்ட பாலே ஒன்றில் லூயி உதய சூரியனாக ஆடினார். ‘சூரிய மன்னர்’ என்ற பெயரோடு நாம் இணைத்துப் பார்க்கும் உருவங்களில் அது முக்கியமானது. 1661-இல் நடனத்துக்கென்றே ஓர் அரச கல்விக்கழகத்தை நிறுவியவரும் அவரே. ஓவியம் வரையப்பட்டபோது அவருக்கு வயது 63. ஆனால் அந்தக் கால்களுக்கு அந்த வயது இல்லை.

தொடைப் பகுதியில் உப்பலாக ஒரு குட்டைக் கால்சட்டை தெரிகிறதல்லவா? 1701-இல் பாரிஸ் வீதியில் யாரும் அப்படி உடுத்தவில்லை. அது முந்தைய நூற்றாண்டு அவையின் மோஸ்தர், சடங்கு உடையாக மட்டும் எஞ்சியிருந்தது. சடங்கு உடை எப்போதும் காலத்தில் பின்தங்கியே இருக்கும். முன்னோரின் உடையை உடுத்துவது முன்னோரின் இடத்தில் நிற்பதற்குச் சமம்.

மூன்றாம் படி: மேலங்கி

இங்கே சற்று நேரம் செலவிடுங்கள். வெளிப்புறம் நீல வெல்வெட். அதில் பொன்னிழையில் லில்லிச் சின்னங்கள். உட்புறம் வெள்ளை மென்மயிர். அதில் கறுப்புப் புள்ளிகள்.

லில்லி என்றவுடன் நம் குளத்து அல்லியை நினைத்துவிட வேண்டாம். சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘அல்லி’ என்றே எழுதிவிடுகிறார்கள், படம் மனத்தில் தவறாகப் பதிந்துவிடுகிறது. இது மூன்று இதழ்களைக் கீழே ஒரு பட்டை சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும் மரபுச் சின்னம். பிராங்க் இனத்து மன்னர் குளோவிஸ் கிறித்துவத்தைத் தழுவியபோது வானிலிருந்து கிடைத்தது என்பது பழங்கதை. தொடக்கத்தில் அரசச் சின்னத்தின் நீலப்புலம் முழுக்க லில்லிகள் தூவப்பட்டிருந்தன. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஐந்தாம் சார்லஸ் காலத்தில் அவை மூன்றாகக் குறைந்தன. மூவொரு இறைவனைக் குறிக்க என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். ஆனால் முடிசூட்டு மேலங்கியில் மட்டும் பழைய வழக்கப்படியே எண்ணற்ற லில்லிகள் தொடர்ந்தன. சின்னத்தில் மூன்று, உடையில் பல என்ற வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் குழப்பம் இருக்காது.

வெள்ளை மயிர் எர்மின் எனப்படும். கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு கோடையில் பழுப்பாகவும் பனிக்காலத்தில் வெள்ளையாகவும் இருக்கும், வால்நுனி மட்டும் எப்போதும் கறுப்பு. ஓவியத்தில் காணும் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு வால்நுனி. புள்ளிகளை எண்ணத் தொடங்கினால் ஒரு மேலங்கிக்கு எத்தனை விலங்குகள் வேண்டியிருந்தன என்பது உறைக்கும். மேலங்கி இயல்பாகத் தொங்கினால் இந்த உள்பக்கம் தெரியாது. அதனால்தான் ரிகோ அதைப் புரட்டி, மடித்து, தரையில் பரப்பி வைத்திருக்கிறார். வெண்மைக்குத் தூய்மை என்று பொருள் சொன்னார்கள். எட்டாத விலைக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

ஓர் எச்சரிக்கை. எர்மினைக் கண்டதும் ‘இவர் மன்னர்’ என்று முடிவுகட்டாதீர்கள். உயர்குலக் கோமகன்களும் உயர் நீதிமன்றத் தலைவர்களும் அதை அணிந்தார்கள். லில்லி தூவிய நீலமும் எர்மினும் சேர்ந்து வந்தால்தான் அரச குடும்பம். அப்போதும் மன்னராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அரசியாகவும் இருக்கலாம். ஃபிரான்ஸ் பூர்பூஸ் தீட்டிய மரி தெ மெதிச்சியின் ஓவியத்தைப் பாருங்கள். 1610 மே 13 அன்று சான்-தெனியில் அவருக்கு முடிசூட்டப்பட்டது. மறுநாள் அவருடைய கணவர் நான்காம் ஹென்றி பாரிஸ் வீதியில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சிறு வயது மகனுக்காக அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, லில்லி மேலங்கி அவருக்கு அலங்காரமாக மட்டும் இருக்கவில்லை, தகுதிச் சான்றாகவும் இருந்தது.

நான்காம் படி: கையும் கையருகே உள்ளவையும்

தமிழ் வாசகர் தடுமாறும் இடம் இது. லூயி செங்கோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். லில்லி முனை கீழே. ஊன்றுகோல்போல் அதன்மீது கை வைத்திருக்கிறார். கோல் நிமிர்ந்திருந்தால் செங்கோன்மை, வளைந்தால் கொடுங்கோன்மை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பிழையாகவோ அபசகுனமாகவோ படும். அந்தப் பொருளை இங்கே ஏற்றக் கூடாது. எனக்குத் தோன்றுவது: அதிகாரத்தை ஏந்திக் காட்ட வேண்டிய நிலையில் தான் இல்லை, அது தன் கைத்தடிபோல் பழகிய பொருள் என்று அந்தக் கை சொல்கிறது. மற்றொரு கை இடுப்பில் இருப்பதும் அதே அலட்சியமான நிமிர்வு.

பக்கத்து இருக்கையில் கிரீடம் இருக்கிறது, தலையில் இல்லை. அதனருகே தந்தத்தால் செய்த கை ஒன்று கோலின் முனையில் விரல்களை உயர்த்தி நிற்கும். அதற்கு ‘நீதியின் கை’ என்று பெயர். மன்னரே நாட்டின் முதல் நீதிபதி என்பதன் அடையாளம். பிரெஞ்சு அரசர்களை மற்ற ஐரோப்பிய அரசர்களிடமிருந்து பிரித்தறிய இதைவிட எளிய அடையாளம் இல்லை. இடுப்பில் தொங்கும் வாள் ‘ஜுவாயெஸ்’, சார்லமேன் பேரரசருடையது என்று மரபு சொல்லும் முடிசூட்டு வாள். அதை இன்றும் லூவ்ரில் பார்க்கலாம்.

கிரீடத்தைப் பற்றிப் பேசும்போது சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரிகோ இந்த ஓவியத்தைத் தீட்டிய அதே ஆண்டுகளில், புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், கோல்கொண்டாப் பகுதியில் கிடைத்த சுமார் 410 காரட் எடையுள்ள பட்டைதீட்டாத வைரக்கல்லை வாங்கினார். இங்கிலாந்தில் பட்டை தீட்டியபோது அது சுமார் 140 காரட்டாகச் சுருங்கியது. பதினைந்தாம் லூயி சிறுவனாக இருந்ததால் ஆட்சியை நடத்திவந்த ஒர்லேயான் கோமகன், 1717-இல் அதைப் பிரான்சுக்காக வாங்கினார். ‘ரீஜென்ட்’ என்று பெயர்பெற்ற அந்த வைரம் 1722-இல் பதினைந்தாம் லூயியின் முடிசூட்டுக் கிரீடத்தின் முன்பக்கத்தில் பதிக்கப்பட்டது.

ஐந்தாம் படி: மார்பு

மார்பில் தொங்கும் சங்கிலிதான் ஓவியத்தின் காலத்தைக் கணிக்க உதவும். அது எந்த ‘வரிசை’யைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லும்; வரிசை என்றால் மன்னர் பெருமைப்படுத்திச் சேர்த்துக்கொள்ளும் வீரர் குழு. சங்கிலியில் சிப்பி வடிவங்கள் கோத்திருந்தால் புனித மிக்கேல் வரிசை. பதினோராம் லூயி 1469-இல் நிறுவியது. எட்டு முனைச் சிலுவையும் நடுவில் புறாவும் இருந்தால் தூய ஆவி வரிசை. மூன்றாம் ஹென்றி 1578-இல் நிறுவியது. எனவே புறாச் சிலுவை அணிந்தவரின் ஓவியத்தை 1578-க்கு முந்தையது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றாட உடையில் இந்தத் தூய ஆவி வரிசைக்கு அடையாளம் குறுக்கே போட்ட நீல நாடா. சமையலில் தேர்ந்தவரை ‘கோர்தோன் ப்ளூ’ என்று சொல்வதும் இந்த நீல நாடாவை வைத்துத்தான். நெருப்புச் சிவப்பு நாடா என்றால் 1693-இல் படைவீரர்களுக்காக ஏற்பட்ட புனித லூயி வரிசை. தொங்கும் ஆட்டுத்தோல் என்றால் பொற்கம்பளி வரிசை. ஸ்பெயினோ ஆஸ்திரியாவோ தொடர்புண்டு.

கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேஸையும் கவனியுங்கள். வெனிஸ் லேஸுக்காகப் பிரெஞ்சுப் பணம் வெளியே போவதைத் தடுக்க, லூயியின் அமைச்சர் கொல்பேர் 1665-இல் உள்நாட்டிலேயே லேஸ் பட்டறைகளுக்கு அரச ஆதரவு ஏற்படுத்தினார். மன்னரின் கழுத்தில் இருப்பது நாட்டின் தொழிற்கொள்கை. இந்தச் செய்தியை மறக்காதீர்கள், அரசியரின் உடைக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

ஆறாம் படி: இப்போது முகம்

பொய்முடிக்குக் கீழே கன்னங்கள் உள்வாங்கியிருக்கின்றன. பல் இழந்த முதியவரின் வாய். ரிகோ அதை மறைக்கவில்லை. உடையும் காலும் முதுமை தொடாத அரசரைக் காட்டுகின்றன, முகம் முதுமையடைந்த மனிதரைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் பொருத்தியதால்தான் இந்த ஓவியத்தின்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு. முகத்தில் தொடங்கியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

எல்லோரும் செய்யும் ஒரு தவறு

முடிசூட்டு உடையில் ஒருவர் நின்றால், அது முடிசூட்டு நாளின் காட்சி என்று நினைத்துவிடுகிறோம். லூயிக்கு ரேம்ஸ் நகரில் முடிசூட்டியது 1654-இல். ஓவியம் 47 ஆண்டுகளுக்குப் பிந்தையது. அவருடைய கொள்ளுப்பேரன் பதினைந்தாம் லூயி 1715-இல் ஐந்து வயதில் அரசரானபோது, ரிகோவே அந்தக் குழந்தைக்கும் லில்லி மேலங்கி அணிவித்துத் தீட்டினார். அவனுக்கு முடிசூட்டியதோ 1722-இல். பதினெட்டாம் லூயிக்கு முடிசூட்டு விழாவே நடக்கவில்லை. ஆனாலும் அந்த உடையில் அவருக்கு ஓவியங்கள் உண்டு. மேலங்கி ஒரு நாளைக் காட்டுவதில்லை, ஓர் உரிமையைக் காட்டுகிறது. உரிமை எவ்வளவு சிக்கலில் இருந்ததோ அவ்வளவு அவசியமாக இந்த உடை தேவைப்பட்டது என்பது என் கணிப்பு. ஐந்து வயதுக் குழந்தையும் புரட்சிக்குப் பின் திரும்பிவந்த மன்னரும் அதற்குச் சான்றுகள்.

ஏழாம் படி: மேலங்கி இல்லாத ஓவியங்கள்

இனி, கற்றதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ழான் க்ளூவே 1530 வாக்கில் தீட்டிய முதலாம் பிரான்சுவா (இதுவும் லூவ்ரில்) வெறும் 96 சென்டிமீட்டர் உயரம். லில்லி இல்லை, எர்மின் இல்லை, கிரீடமும் இல்லை. ஆனால் பின்னால் உள்ள சிவப்புத் துணியின் நெசவில் கிரீட வடிவங்கள் இருக்கின்றன. இத்தாலிய மோஸ்தரில் உப்பிய சாட்டின் கைகள் ஓவியத்தின் அகலத்தை முழுக்க எடுத்துக்கொள்கின்றன. அக்காலத்தில் உடம்பின் அகலமே அதிகாரம். மார்பில் புனித மிக்கேல் பதக்கம் தொங்குகிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டீர்களானால் ஐந்தாம் படி கைவந்துவிட்டது.

ரிகோவே தீட்டிய பேரன் பிலிப்பின் ஓவியத்தையும் அருகில் வையுங்கள். வெர்சாயில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சு இளவரசன், கறுப்புடையில், விறைப்பான ஸ்பானிய வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு நிற்கிறான். கறுப்பு அங்கே துக்கம் அன்று, ஸ்பானிய அவையின் கண்ணியம். எந்த நாட்டை ஆளப் போகிறானோ அந்த நாட்டு உடையை முதலில் உடுத்திக் காட்டுகிறார்கள். மேலே பொற்கம்பளியும் நீல நாடாவும் சேர்ந்தே இருக்கின்றன: ஒன்று போகுமிடம், மற்றொன்று பிறந்த வீடு.

துக்கத்தின் நிறத்திலும் கவனம் வேண்டும். 1560 வாக்கில் ஸ்காட்லாந்தின் மேரி, பிரெஞ்சு அவையில் இருந்தபோது, வெள்ளை முக்காட்டோடு வரையப்பட்டிருக்கிறார். அது மணப்பெண்ணின் வெள்ளை அன்று. பிரெஞ்சு அரச குடும்பப் பெண்கள் துக்கத்தில் அணிந்த வெள்ளை. நம் வாசகருக்கு இது உடனே புரியும். ஐரோப்பியத் துக்கம் எப்போதும் கறுப்பு என்று படித்துவந்தவர்கள்தான் தவறிவிடுகிறார்கள்.

எட்டாம் படி: மரி அந்துவானெத், மூன்று ஓவியங்கள்

மரி அந்துவானெத் பதினாறாம் லூயியின் அரசி. மூன்றையும் தீட்டியவர் எலிசபெத் விழே லெ பிரேன். 1778-இல் அரசியின் தாய் மரியா தெரேசாவுக்காக வியன்னாவுக்கு அனுப்பிய ஓவியத்தில் முழு அவை உடை: எலும்புப் பட்டைகள் வைத்து இறுக்கிய மேலுடல், இடுப்பின் இரு பக்கமும் வளையச் சட்டகத்தால் விரித்த வெண்சாட்டின் பாவாடை, நீண்ட பின்தொங்கல். இந்த உடையில் விரைவாக நடப்பதோ இயல்பாக உட்காருவதோ கடினம். அந்த அசையாமைதான் அதன் பொருள்.

1783-இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைத்த இரண்டாவது ஓவியத்தில் அரசி மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையிலும் வைக்கோல் தொப்பியிலும் இருந்தார். நகை இல்லை, சட்டகம் இல்லை. பார்வையாளர்கள் கொதித்தார்கள். உள்ளாடையோடு அரசியைக் காட்டுவதா என்பது ஒரு புகார். இன்னொன்று ஆழமானது: பிரான்சின் லியோன் நகர நெசவாளர்களின் பட்டுத்துணியை அரசியே கைவிட்டு, வெளிநாட்டுப் பருத்தியை உடுத்தலாமா? பருத்தி அங்கே சாதாரணத் துணியாக இருக்கவில்லை. சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலிருந்து போன வண்ணப் பருத்தித் துணிகளுக்குப் பட்டு, கம்பளித் தொழிலைக் காப்பாற்றவேண்டி 1686 முதல் 1759 வரை பிரான்சில் தடையே இருந்தது. புதுச்சேரியிலிருந்து அந்தத் துணியை ஏற்றுமதி செய்தவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். கண்காட்சியிலிருந்து ஓவியம் அகற்றப்பட்டது. அதே முகம், கையில் அதே ரோஜா, ஆனால் பட்டு உடையும் முத்துமாலையும் கொண்ட மாற்று ஓவியம் வைக்கப்பட்டது. உடையை மட்டும் மாற்றினால் ஓவியம் ஏற்கத்தக்கதாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

1787-இல் குழந்தைகளோடு உள்ள ஓவியம். சிவப்பு வெல்வெட்டும் கரிய மென்மயிரும். மதிப்பான, அடக்கமான உடை. இங்கே இல்லாததைத் தேடுங்கள். கழுத்தில் மாலை இல்லை. அரசியின் பெயரைச் சொல்லி நடந்து 1785-இல் வெடித்த வைர மாலை மோசடி விவகாரம் அப்போதும் பேச்சில் இருந்தது. நகைப்பெட்டி பின்னால் நிழலில் நிற்கிறது. மூத்த மகன் கைகாட்டும் தொட்டில் காலியாக இருக்கிறது. கைக்குழந்தை சோஃபி அந்த ஆண்டு ஜூனில் இறந்துவிட்டாள்.

இறுதிப் பயிற்சி

1806-இல் ஏங்கர் தீட்டிய அரியணையில் அமர்ந்த நெப்போலியனை ரிகோவின் லூயியோடு இணைத்து வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எர்மின் இருக்கிறது, நீதியின் கையும் செங்கோலும் இருக்கின்றன. நீலம் போய்ச் செம்மை வந்துவிட்டது, லில்லிகளின் இடத்தில் தேனீக்கள். 1653-இல் தூர்னே நகரில் திறந்த கல்லறையில், குளோவிஸின் தந்தை சில்தெரிக்கின் எச்சங்களோடு பொன் தேனீக்கள் கிடைத்தன. லில்லியை அணிய நெப்போலியனுக்கு உரிமை இல்லை. அதனால் லில்லியைவிடப் பழைய சின்னத்தைத் தேடிப் பிடித்தார்.

பிறகு பத்தாம் சார்லஸுக்கு வாருங்கள். 1825-இல் ரேம்ஸில் முடிசூட்டிக்கொண்ட அவருக்காக ஜெரார் தீட்டியதில் பழைய லில்லி மேலங்கி திரும்பிவிட்டது. பிரான்சில் நடந்த கடைசி முடிசூட்டு விழா அது. ஐந்தே ஆண்டுகளில் அவர் நாட்டைவிட்டுப் போனார். அடுத்து வந்த லூயி-பிலிப்பை 1839-இல் விண்டர்ஹால்டர் தீட்டியிருக்கிறார். அந்த ஓவியத்தையும் பாதத்திலிருந்தே தொடங்குங்கள். வெண்பட்டுக் காலுறை இல்லை, படைத்தளபதியின் சீருடையும் நீண்ட கால்சட்டையும் இருக்கின்றன. தோளில் எர்மின் இல்லை. கை செங்கோலின்மீது இல்லை. 1830-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின்மீது இருக்கிறது.